சாம்பலுக்கு அடியில் கிடந்த செருப்புகள்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிப்பி கார்பன் கணிப்பு முறையை உருவாக்கிய காலத்தில், ஒரு பொருளின் வயதைத் தெரிந்துகொள்ள அதில் கணிசமான பகுதியை எரித்தாக வேண்டும். அப்படி எரிந்தவற்றுள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வறண்ட நடுப்பகுதியில், ஒரு பெரிய பாறைக்கு அருகே ஒரு குகையில் கிடைத்த நார்ச்செருப்பும் உண்டு. 1951-ல் விடை வெளியானது: 9,053 ஆண்டுகள், 350 ஆண்டுகள் முன்னே பின்னே இருக்கலாம்.

பிற்பாடு செய்த திருத்தமான கணக்குகள் இந்த வகைச் செருப்புகளை 10,500 முதல் 9,300 ஆண்டுகள் வரை பழையவை என்கின்றன. நேரடியாகக் காலம் கணிக்கப்பட்ட காலணிகளில் உலகிலேயே மூத்தவையாக இவற்றைத்தான் சொல்கிறார்கள். ஆர்மீனியாவின் அரேனி குகையில் கிடைத்த புகழ்பெற்ற தோல் காலணிக்கு வயது ஏறத்தாழ 5,500. எகிப்தில் துத்தன்காமுனோடு புதைத்த செருப்புகள் 3,300 ஆண்டுச் சங்கதி. ஓரிகன் செருப்புகளோ, எகிப்தில் முதல் அரசன் வருவதற்கு நான்காயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பு யாரோ காலில் கட்டிக்கொண்டு நடந்தவை.

அந்த 1951-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆண்டும் நினைவுக்கு வருகிறது: 1954. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்புறம் சாம்பலைப் பற்றி.

பாறையின் பெயர் ஃபோர்ட் ராக். பென்ட் நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். லா பைன் ஊரை நெருங்கி 31-ஆம் நெடுஞ்சாலையில் பிரிந்தால், பைன் காடு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சேஜ்பிரஷ் புதர்கள் மட்டும் மிஞ்சும். இலையைக் கசக்கி முகர்ந்தால் தலைக்கு ஏறும் வாசம். நம் பூக்கடையில் கதம்பத்தில் சேர்க்கிற மரிக்கொழுந்தும் இதுவும் ஒரே ஆர்ட்டிமீசியா பேரினம், அதனால் அந்த வாசத்தில் எனக்கு ஒரு உறவு தெரியும். இந்தப் புதரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

அந்தத் தட்டையான வெளியின் நடுவே, எந்த மலைத்தொடரோடும் ஒட்டாமல், செம்பழுப்பு நிறத்தில் ஒரு வட்ட மதில் நிற்கிறது. குறுக்களவு 1.3 கிலோமீட்டருக்கு மேல். உயரம் சமவெளியிலிருந்து சுமார் 60 மீட்டர். தெற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. 1873-ல் காணாமல்போன மாடுகளைத் தேடி இந்தப் பக்கம் வந்த வில்லியம் சல்லிவன் என்ற குடியேறி, கோட்டை மாதிரி இருக்கிறது என்று இந்தப் பெயரை வைத்ததாகச் சொல்கிறார்கள். அவருக்கு முன்னால் பல ஆயிரம் ஆண்டு இதைப் பார்த்து வாழ்ந்தவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

இது தண்ணீருக்குள் பிறந்த எரிமலை. பனியூழிக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஏரியாக இருந்தது, நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு. கீழிருந்து ஏறி வந்த பசால்ட் குழம்பு, ஏரியடிச் சேற்றைத் தொட்டது. 1,100 டிகிரி அளவுச் சூட்டில் இருக்கும் குழம்பு ஈரத்தைத் தொட்டால் தண்ணீர் அப்படியே நீராவியாக வெடிக்கும். வெடித்த வேகத்தில் குழம்பு தூள்தூளாகி மேலே போய், வாயைச் சுற்றி வளையமாக விழும். மறுபடி வெடிப்பு, மறுபடி வளையம். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு படிவு, ஒன்றன்மேல் ஒன்றாக. சுவரில் கை வைத்துப் பார்த்தால் அந்த அடுக்குகளைத் தனித்தனியாகத் தடவிப் பார்க்கலாம். சாம்பல் நாளாவட்டத்தில் இறுகிப் பாறையானது. அதை டஃப் என்கிறார்கள்.

அப்புறம் ஏரி தன் வேலையைத் தொடங்கியது. அலைகள் சரிவான வெளிப்பக்கத்தை அரித்து அரித்துச் செங்குத்தாக்கின. காற்றோடு வந்த அலை தெற்குச் சுவரை உடைத்து உள்ளே புகுந்தது. தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரத்தில் அலைகள் வெட்டிய படி இன்றும் தெளிவாக இருக்கிறது. அந்தப் படியில் ஏறி நின்று வெளியே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் மழை பெய்தால் பெரிது. ஆனால் நிற்பது கரையில். இந்த நாட்டில் நான் பார்த்த நில அமைப்புகளில், நடந்ததை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற இடம் வேறு இல்லை.

செருப்புகள் கிடைத்தது இந்த வளையத்துக்குள் அல்ல. கொஞ்சம் மேற்கே தள்ளி ஒரு சின்னக் குன்று இருக்கிறது, அதே ஏரியின் அலைகள் அதில் குடைந்த குகைக்கு உள்ளே. ஆழம் 20 மீட்டர் அளவுக்கு, அகலம் அதில் பாதி. 1938-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் லூதர் கிரெஸ்மன் அங்கே தோண்டினார். சமூகவியல் கற்பிக்க வந்தவர் அவர், 1935-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையைத் தொடங்கியவர். அந்தக் காலத்துத் தொல்லியல் அறிஞர்களில் பலர், மேற்கு அமெரிக்காவின் இந்த வறண்ட பகுதியில் மனிதர் குடியேறி அதிக காலம் ஆகியிருக்காது, போனால் சில ஆயிரம் ஆண்டு, என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கிரெஸ்மனுக்கு அதில் ஐயம் இருந்தது.

குகைத் தரையில் எரிமலைச் சாம்பல் ஒரு படலமாகப் படிந்திருந்தது. அதற்கு அடியில் செருப்புகள். ஒன்று இரண்டு அல்ல, டஜன் கணக்கில். பெரியவர் அளவு, குழந்தை அளவு. சில கருகியிருந்தன. பல பிய்ந்து, தேய்ந்து, கழற்றிப் போட்டவை.

எப்படிப் பின்னியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆதிமனிதர் ஏதோ நாரைச் சுற்றிக்கொண்டார் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மூலப்பொருள் மேலே சொன்ன அதே சேஜ்பிரஷ். அதன் பட்டை நீள நீளமாக உரியும். உரித்து, நைத்து, நாராக்கி, கயிறு திரித்திருக்கிறார்கள். குதிகாலில் தொடங்கி விரல் நோக்கி வேலை போகிறது. தடித்த ஐந்து கயிறுகள் பாவு. அவற்றின் குறுக்கே ஊடை போகும்போது வெறுமனே மேலும் கீழுமாக நுழைவதில்லை. இரண்டு இழைகள் ஒவ்வொரு பாவுக் கயிற்றையும் நடுவே பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகின்றன. அதனால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுதும் பிரியாது. விரல் பக்கம் வந்ததும் அந்தத் தடித்த பாவுக் கயிறுகளை மெல்லிய இழைகளாகப் பிரித்து, மேல்நோக்கி மடித்து, விரல்களை மூட ஒரு முன்மூடி பின்னியிருக்கிறார்கள். கணுக்காலில் கட்ட ஒரு கயிறு. குதிகால் தட்டை.

ஒரே கயிறு அடியில் தடிமனாகவும் மேலே மெல்லியதாகவும் வேலை செய்ய வேண்டும் என்று யோசித்தவர் முதல் செருப்பைப் பின்னிக்கொண்டிருந்தவராக இருக்க முடியாது. பல தலைமுறை கை பழகிய தொழில் இது. இதே அமைப்பில் செய்த செருப்புகள் தென்கிழக்கு ஓரிகனிலும் வட நெவாடாவிலும் வேறு குகைகளிலும் கிடைத்திருக்கின்றன. யாரோ யாருக்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது.

யூஜின் நகரத்தில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் இயற்கை, பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் இவை இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான வெளிச்சத்தில் இருப்பதைக் குனிந்து பார்த்தபோது எனக்கு முதலில் பட்டது வயது அல்ல, வேலையின் ஒழுங்கு. வரிசை தப்பாத முறுக்கு. ஒரு செருப்பு சில மாதத்தில் தேய்ந்துவிடும் என்று தெரிந்தே ஒருவர் இத்தனை நெருக்கமாகப் பின்னியிருக்கிறார்.

அவர்கள் வாழ்ந்த நிலம் இன்றைய வெறும் புதர்க்காடு அல்ல. பெரிய ஏரி வற்றிவிட்டாலும் குளங்களும் கோரை மண்டிய சதுப்புகளும் இருந்தன. நீர்ப்பறவைகள், மீன், முயல். பள்ளத்தாக்கின் கிழக்கே பஃபலோ ஃபிளாட் என்ற இடத்தில், ஏறத்தாழ இதே பழங்காலத்தைச் சேர்ந்த சுடுகுழிகளில் ஆயிரக்கணக்கான முயல் எலும்புகள் கிடைத்தன. ஓரிருவர் வேட்டையில் இவ்வளவு சேராது. பலர் கூடி, வளைத்து விரட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஆக இது தனியே அலைந்த சிலரின் கதை அல்ல. ஊர் கூடிய கதை.

சரி, சாம்பல். ஃபோர்ட் ராக்குக்குத் தென்மேற்கே 100 கிலோமீட்டர் அளவில் மசாமா என்ற பெரிய எரிமலை இருந்தது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. ஏறத்தாழ 50 கன கிலோமீட்டர் குழம்பு வெளியேறி, தாங்க ஆளில்லாமல் சிகரமே உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்ததுதான் இன்றைய கிரேட்டர் லேக், 592 மீட்டர் ஆழம், அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. சாம்பல் கனடா வரைக்கும் போய் விழுந்தது. குகைக்குள் செருப்புகளை மூடியிருந்தது அந்தச் சாம்பல்தான்.

இது கிரெஸ்மனுக்குக் கிடைத்த பெரிய சான்று. சாம்பலுக்கு அடியில் இருப்பது சாம்பலுக்கு முந்தையது. ஹாவெல் வில்லியம்ஸ் என்ற எரிமலையியலாளர் சாம்பலை ஆராய்ந்து உதவினார். ஆனாலும் வெடிப்பு எப்போது நடந்தது என்று அன்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாததால் ஐயப்பட்டவர்கள் ஐயப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். லிப்பியின் எண் வரும்வரை, 13 ஆண்டு.

ஆனால் அந்த வெடிப்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். கிளமத் மக்கள். கிரேட்டர் லேக்கை அவர்கள் கீவாஸ் என்கிறார்கள். கீழுலகத்துத் தலைவன் லாவோ மலையின் வாய் வழியாக வெளியே வந்து நிற்க, மேலுலகத்து ஸ்கெல் அவனோடு போரிட்டான். தீயும் கல்லும் பறந்தன. கடைசியில் லாவோ தோற்று, மலை அவன்மேல் இடிந்து விழுந்தது. பிறகு பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. இந்தக் கதையை 1865-ல் ஒரு முதிய தலைவர் அங்கே பணியில் இருந்த இளம் படைவீரர் ஒருவரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மலை இடிந்து பள்ளமாகி ஏரியானது என்று புவியியலாளர்கள் விளக்கி எழுதுவதற்கு முன்னால்.

7,700 ஆண்டு ஒரு கதை வாயிலேயே தங்கியிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: மலை வெடித்தபோது அங்கே ஆள் இருந்ததா? இருந்தது. வெடிப்புக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் கூடி முயல் பிடித்த மக்கள், வானம் இருண்டு சாம்பல் கொட்டிய நாளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. மலை முதலில் தீ கக்கியது, பிறகு உள்நோக்கிச் சரிந்தது, பிறகு நீர் நிறைந்தது என்ற வரிசை கதையில் சரியாக இருக்கிறது. நான் இதை நினைவு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பின்னலிலும் இந்தத் தொடர்ச்சி தெரிகிறது. கிரெஸ்மன் தோண்டிய இன்னொரு குகையின் பெயரால் கேட்லோ பின்னல் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் ஒரு கூடை முடையும் முறை, ஒன்பதாயிரம் ஆண்டு அளவுக்குப் பின்னால் போகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த முறை கிளமத், மோடாக் மக்களின் கோரைக் கூடைகளில் நம் காலம்வரை வந்திருக்கிறது.

இப்போது 1954-க்கு வருகிறேன்.

கிளமத், மோடாக், யாகூஸ்கின் பையூட் மக்கள் 1864-ல் அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 2 கோடி ஏக்கருக்கும் மேல் கைவிட்டு, தங்களுக்கென ஒதுக்கிய ஒரு காப்பு நிலத்தோடு நின்றுகொண்டார்கள். அந்த நிலத்தில் உயர்ந்த பைன் காடு இருந்தது. மரம் விற்றே தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்தார்கள், நாட்டிலேயே தன் காலில் நின்ற பழங்குடிகளில் ஒன்றாக இருந்தார்கள். 1954 ஆகஸ்டு 13 அன்று அமெரிக்கக் காங்கிரசின் சட்டம் ஒன்று அவர்களைப் பழங்குடியாக அங்கீகரிப்பதை முடித்துக்கொண்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இனி சட்டத்தின் கண்ணில் ஒரு மக்களே இல்லை. 8 லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலம் கைமாறியது. பெரும்பகுதி 1961-ல் வைனிமா தேசிய வனம் ஆனது.

அதே 1961-ல்தான் ஃபோர்ட் ராக் குகை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் நான் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த நாள் முதல் என்னால் அந்தப் பாறையை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டு. மூதாதையர் கழற்றிப் போட்ட செருப்பு இருந்த குகைக்குக் காவல். பேரப்பிள்ளைகளின் காட்டுக்குக் கைமாற்றம். ஒன்பதாயிரம் ஆண்டு இங்கே மனிதர் இருந்திருக்கிறார்கள் என்று அறிவியல் நிரூபித்து மூன்றே ஆண்டில், அந்த மக்கள் இல்லை என்று சட்டம் எழுதியது. இரண்டு அலுவலகங்களில் இரண்டு தனித்தனிக் கோப்புகள், ஒன்றுக்கொன்று தெரியாது என்று சொல்லலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பழங்குடி மக்களின் பழமையைப் போற்றவும், உயிரோடு இருப்பவர்களைத் தடையாகப் பார்க்கவும் ஒரு நாடு ஒரே நேரத்தில் பழகியிருந்தது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

அவர்கள் விடவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் போராடி, 1986-ல் அங்கீகாரத்தை மீட்டார்கள். நிலம் திரும்பவில்லை.

குகைக்கு என்ன ஆனது என்பதும் சொல்ல வேண்டியது. கிரெஸ்மன் முடித்துவிட்டுப் போன பிறகு அம்புமுனை தேடுகிறவர்கள் வந்து மண்ணைப் புரட்டிப் போட்டார்கள். இந்தப் பகுதி முழுக்க அந்த நோய் இருந்தது. பக்கத்து கூகர் மவுண்டன் குகையை 1950களின் இறுதியில் தனியார் ஒருவர் பொழுதுபோக்காகத் தோண்டி எடுத்தார். ஒரு பொருளை அது கிடந்த அடுக்கிலிருந்து பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் பொருள்தான். சாம்பலுக்கு அடியிலா மேலா என்ற ஒற்றைக் கேள்வியில்தான் இந்தக் கதை முழுதும் நிற்கிறது என்பதை நினைத்தால் அந்த இழப்பின் அளவு புரியும்.

1960களில் கிரெஸ்மனின் மாணவர் ஸ்டீபன் பெட்வெல் குகையின் மிஞ்சிய பகுதியில் மறுபடி தோண்டினார். அடியிலிருந்து எடுத்த கரி 13,200 கார்பன் ஆண்டு (திருத்தம் செய்யாத கணக்கு) என்றது. அந்தக் கரி மனிதர் மூட்டிய தீயிலிருந்து வந்ததுதானா, கூடவே கிடந்த கருவிகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினார்கள், அந்தத் தேதி இன்றும் பொதுவாக ஏற்கப்படவில்லை. ஆனால் தென்கிழக்கே பெய்ஸ்லி என்ற ஊருக்கு அருகிலுள்ள குகைகளில் டென்னிஸ் ஜென்கின்ஸ் குழு எடுத்த உலர்ந்த மனிதக் கழிவில் மனித மரபணு கிடைத்தது. 2008-ல் வெளியான அந்த ஆய்வு 14,000 ஆண்டுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தது. அவையும் பழைய ஏரியின் அலைகள் குடைந்த குகைகள். அங்கேயும் முதலில் தோண்டியவர் கிரெஸ்மன்தான், அன்று அவர் சொன்னதைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலந்தோறும் நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று கிளமத் மக்கள் சொல்லிவருவதை நோக்கி புதிய ஆய்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. 

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஃபோர்ட் ராக் மாநிலப் பூங்கா. பாறைக்கு அருகே பண்ணை வைத்திருந்த ரூப் லாங் தன் நிலத்தைக் கொடுத்ததால் பொதுச் சொத்தானது. வளையத்துக்குள் நடக்கப் பாதை இருக்கிறது, கோடையில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். குகைக்குத் தனியாகப் போக அனுமதி இல்லை. பூங்காத் துறை வழிகாட்டியோடு அழைத்துப் போகும் நாட்களில்தான் பார்க்கலாம், முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நல்லது. தரையில் கருங்கண்ணாடி என்ற எரிமலைக் கல்லின் சில்லு மின்னினால் பாருங்கள், எடுக்காதீர்கள்.

பாறையோடு திரும்பிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கிளமத் பழங்குடி அரசின் தலைமையகம் சிலோக்வின் ஊரில் இருக்கிறது, கிரேட்டர் லேக்குக்குத் தெற்கே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு இறுதியில், 1986-ல் அங்கீகாரம் திரும்பியதை அங்கே கொண்டாடுகிறார்கள். ஊர்வலம், ரோடியோ, பறை, ஆட்டம் எல்லாம் உண்டு. 2024-ல் கிளமத் ஆற்றின் நான்கு அணைகள் அகற்றப்பட்டு, நூறு ஆண்டுக்கும் மேலாக வராத சால்மன் மீன் அந்த அக்டோபரிலேயே ஓரிகனுக்குள் ஏறி வந்ததைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். நிறையச் சொல்வார்கள்.